திருவாதிரை மங்கிய தை மாதம்

2020ஆம் ஆண்டு பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். பனி எட்டரைக்கே விலகிவிட்டது. காற்று இல்லை. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. கடத்தூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கொட்டை எடுத்த புளியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பதினோரு கிலோ. கீழே கைப்பேசி அடித்தது. மனைவி எடுத்து, இரண்டு முறை "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு, படியேறி வந்து என்னிடம் நீட்டினாள்.

"சம்பந்தியம்மா. உங்ககிட்டத்தான் பேசணுமாம்."

ஏரியூரிலிருந்து அழைப்பு. எங்கள் கடைசி மகளை அவர்கள் மகனுக்குப் பேசி முடித்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. வைகாசியில் கல்யாணம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று.

"அண்ணா, உங்க பொண்ணுக்கு திருவாதிரைதானுங்களே?"

"ஆமாம்மா. ஜாதகத்துலயே இருக்குதே."

"அது சாகப் போவுதாமே?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. யார் சாகப் போகிறது என்று கேட்டேன். அந்த அம்மா எரிச்சலோடு, "நட்சத்திரந்தாண்ணா. செல்லுல வந்திருக்குது. வெடிச்சுச் சாகப் போவுதாம். படத்தோட போட்டிருக்காங்க" என்றார்.

அதே காணொளி எனக்கும் நான்கு பேரிடமிருந்து வந்திருந்தது. நெருப்புக் கோளம் ஒன்று சுழல்கிறது, பின்னால் உடுக்கைச் சத்தம், மேலே சிவப்பு எழுத்தில் 'திருவாதிரைக்கு மரண நேரம் நெருங்கியது'. திருவாதிரை என்பது வானத்தில் உண்மையாகவே இருக்கும் ஒரு செந்நிற நட்சத்திரம். முந்தைய ஐப்பசியிலிருந்து அது மங்கிக்கொண்டு வந்தது. உலகம் முழுக்க வானியல் படித்தவர்கள் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர், அது வெடிப்பதற்கு முன்னால் இப்படி மங்கினாலும் மங்கலாம் என்று சொல்லியிருப்பார். அது ஏரியூர் போய்ச் சேர்வதற்குள் என் மகளின் ஜாதகத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

நான் முப்பத்தோரு வருடம் பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்தவன். முதல் வண்டி நாலு பத்துக்குக் கிளம்பும். அதற்கு முன் நிலையத்தில் நின்றுகொண்டு மேலே பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. அப்படிப் பழகியதுதான் வானம். ஓய்வு பெற்ற பிறகு கிளை நூலகத்தில் வானியல் புத்தகங்கள் இருந்தவை ஒன்பது, ஒன்பதையும் படித்தேன். ஆகவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஏரியூருக்கும் கடத்தூருக்கும் இடையில் என்னைவிடத் தகுதியானவன் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

"அது ஒரு லட்சம் வருஷத்துக்குள்ள எப்ப வேணா வெடிக்கும்மா. அவங்க லட்சத்தை விட்டுட்டுப் போட்டிருக்காங்க."

"எப்ப வேணான்னா?"

"எப்ப வேணாதான்."

"நாளைக்கும் வெடிக்கலாம்?"

பொய் சொல்லத் தெரியாது. "வெடிக்கலாம். ஆனா அதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைச்சல்" என்றேன். அந்த அம்மா பயந்துவிட்டார், தேற்ற வேண்டும் என்று தோன்றிற்று. ஒளி வந்து சேர நேரமாகும் கதையைச் சொன்னேன். "இன்னிக்கு நாம பாக்கற வெளிச்சம் ஐந்நூறு வருஷத்துக்கும் முன்னால அங்கிருந்து கிளம்பினதும்மா. இன்னிக்கு வெடிச்சாலும் நம்ம கண்ணுக்குத் தெரிய இன்னும் ஐந்நூறு வருஷத்துக்கு மேல ஆவும். நம்ம பேரன் பேத்தி யாருக்கும் ஒண்ணும் தெரியப்போறதில்ல."

இதைவிட ஆறுதலான செய்தி இந்த உலகத்தில் கிடையாது என்பது என் எண்ணம்.

"அப்படின்னா," என்றார் சம்பந்தியம்மா மெதுவாக, "அது முன்னாடியே செத்துப்போயிருக்கவும் கூடும். சேதிதான் இன்னும் வந்து சேரல. அப்படித்தானே சொல்றீங்க?"

கணக்கு சரி. மறுக்க இடமில்லை.

"நாங்க சாயந்தரம் வர்றோங்கண்ணா" என்று வைத்துவிட்டார்.

மகளுக்கு அன்று விடுமுறை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை அவளுக்கு. வயது முப்பத்திரண்டு. அவளைப் பார்க்க இதுவரை பதினான்கு வீட்டார் வந்து போயிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் கேசரி சாப்பிட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். ஐந்தாவது வீட்டாருக்குப் பிறகு அவள் புடவை மாற்றுவதை விட்டுவிட்டாள். ஒன்பதாவது வீட்டாருக்கு வேலையிலிருந்து வரவே இல்லை. இந்தப் பதினைந்தாவது பையன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பொறுப்பாளன். வந்த அன்று அவன் அவளிடம், ஊசி குத்தினால் தனக்கு மயக்கம் வரும் என்று சொன்னானாம். அன்றிலிருந்து வீட்டில் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு அவள் சிரிக்கும் சத்தம் கேட்கிறது. முப்பத்திரண்டு வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. அதனால்தான் புளியை அப்படியே விட்டுவிட்டு அவளைத் தேடிப் போனேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் துவைத்த துணியை உதறிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னதைச் சொன்னேன்.

"ஐந்நூறு வருஷம்னு எல்லாம் எதுக்குப்பா சொன்னீங்க?"

"அது உண்மைதானே?"

"உண்மைதான். சாயந்தரம் அவங்க வரும்போது நீங்க பேசாம இருந்தாப் போதும். டீ ஆறிடும், குடிங்கன்னு மட்டும் சொல்லுங்க."

என் மனைவி வேறு யோசனை வைத்திருந்தாள். ஜாதகம் பார்த்துக் கொடுத்தவரை அழைத்துவிடலாம் என்றாள். அழைத்தோம். அவர் தன் வேலையில் கெட்டி. "வானத்துல இருக்கற மீனுக்கும் பஞ்சாங்கத்துல இருக்கற நட்சத்திரத்துக்கும் சம்பந்தமில்லைங்க. அது வெறும் இடத்தோட பேரு. வண்டி போனாலும் ஸ்டாப் இருக்குமில்ல?" என்றார். என் துறை உவமை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் "நேர்ல வந்து இதைச் சொல்ல முடியுங்களா?" என்று கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமை தனக்கு மூன்று ஊரில் வேலை என்று சொல்லிவிட்டார்.

மாலை ஐந்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குச் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வந்து இறங்கினார்கள். ஏரியூரிலிருந்து பென்னாகரம், அங்கிருந்து தருமபுரி, அங்கிருந்து கடத்தூர், மூன்று பேருந்து. அந்த அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்து நேராக விஷயத்துக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஒரே மகன். அவருடைய தங்கை கல்யாணமான ஏழாம் மாதம் தாலி அறுத்தவள் என்று பேச்சு முடித்த அன்றே சொல்லியிருந்தார். அன்று பத்துப் பொருத்தத்தில் ஐந்துதான் தேறியது. இரண்டு நட்சத்திரத்துக்கும் உரிய விலங்குகளில், நாய்க்கும் மானுக்கும் ஆகாது என்றுகூட ஒன்று விழுந்தது. அப்போதும் அவர்தான், தாலிக்குரிய ரஜ்ஜு இருக்கிறது, போதும் என்று எங்கள் பக்கம் பேசினார். அப்படிப்பட்டவரே கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கும்போது, டீ ஆறிடும் என்று மட்டும் எப்படிச் சொல்வது?

"டீ ஆறிடும், குடிங்க" என்றேன்.

"அண்ணா, எனக்குப் படிப்பு இல்ல. நீங்க படிச்சவரு. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அதுக்கு வயசாயிடுச்சா? வயசாகித்தான் சாவுதா? அப்படின்னா மனசு ஆறும். எல்லாருக்கும் அது உள்ளதுதானே."

மகள் சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்கப்பட்டது நேரான கேள்வி.

"வயசுன்னு பார்த்தா, ஒரு கோடி வருஷம்கூட இருக்காதும்மா."

"ஒரு கோடியா! அப்ப கிழம்தான்." அவர் முகம் தெளிந்தது.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் தவறான கணக்கு ஒன்று கண்ணெதிரில் கிடக்கும்போது என்னால் தாண்டிப் போக முடியாது. "இல்லம்மா. நம்ம சூரியனுக்கே நானூத்து அறுபது கோடி வயசு. அதுவே இன்னும் பாதிதான் தாண்டியிருக்குது. திருவாதிரை அதுக்கு முன்னால பால்குடி மாதிரி."

"அப்ப ஏன் இது முன்னாடி சாவுது?"

"பெருசா இருக்கறதால."

இதை விளக்காமல் விட்டால் இன்னும் தப்பாகிவிடும். நட்சத்திரம் என்பது எரியும் பந்து. விறகு எரிவது போல அல்ல, அதன் நடுவயிற்றில் ஹைட்ரஜன் ஒன்றோடொன்று அழுந்திச் சேர்ந்து ஹீலியமாக மாறும்போது கிளம்பும் சூடு. உடம்பு பெரிதாக இருந்தால் வயிற்றில் அழுத்தம் அதிகம். அழுத்தம் அதிகமானால் எரியும் வேகம் தாறுமாறாக ஏறும். "சூரியன் மொபெட்டுங்க. சின்ன டாங்கி, ஆனா சொட்டுச் சொட்டாக் குடிக்கும், ரொம்ப தூரம் போவும். திருவாதிரை லாரி மாதிரி. பதினஞ்சு மொபெட்டு எண்ணெய் ஊத்தலாம், ஆனா அடுத்த ஊருக்குள்ள காலி. ஹைட்ரஜன் தீர்ந்துடுச்சு, இப்ப வேற எதை எதையோ எரிச்சுக்கிட்டு ஊதிப்போய்க் கிடக்குது. அதான் சிவப்பு. சூரியன் இருக்கற இடத்துல அதைக் கொண்டாந்து வெச்சா, நம்ம பூமியையும் செவ்வாயையும் தாண்டி நிக்கும்."

சம்பந்தி இதுவரை வாய் திறக்காதவர். "அப்ப நம்ம வூடு அதுக்குள்ள இருக்கும்" என்றார் மெதுவாக.

"ஆமாங்க."

"இருக்கறது தருமபுரி வெயில். இதுல அது வேறயா."

அவர் மனைவி சிரிக்கவில்லை. "சின்ன வயசுலயே ஊதிப்போய்ச் சாவுது. உள்ள இருக்கறது தீர்ந்துபோய்" என்றார். நான் கால் மணி நேரம் சொன்னதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான். வார்த்தைக்கு வார்த்தை சரியாகவும் இருந்தது. சமையலறையில் ஒரு பாத்திரம் வேண்டுமென்றே சத்தமாக வைக்கப்பட்டது.

சூரியன் ஆறு இருபதுக்கு விழுந்தது. ஏழு மணிக்கு அந்த அம்மா, "அதை எனக்குக் காட்டுங்கண்ணா. கண்ணால பார்த்துட்டுப் போறேன்" என்றார். இதில் எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. பார்த்தால், எல்லா நட்சத்திரத்தையும் போல அதுவும் ஒரு புள்ளி என்று தெரிந்துவிடும். அச்சம் போய்விடும். புளி கிடந்த பாயை ஓரமாகச் சுருட்டிவிட்டு ஐந்து பேரும் மாடியில் நின்றோம். தலைக்கு மேலே அரை நிலா. கிழக்குப் பக்கம் நல்ல உயரத்தில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள், யாருக்கும் சொல்லாமலே தெரியும். அந்த மூன்றுக்கும் வலப்பக்கம் வெள்ளையாகப் பளிச்சென்று ஒன்று. இடப்பக்கம், செம்மண் நிறத்தில், திருவாதிரை.

"இதுங்களா?"

"இதேதான்."

"இது ஏன் இப்படி இருக்குது?"

நல்ல நாளில் திருவாதிரை அந்த வெள்ளை நட்சத்திரத்தோடு போட்டி போடும். பல விடியற்காலைகள் பார்த்திருக்கிறேன். அன்று அது பக்கத்தில் கிடக்கும் நடுத்தரமான இன்னொன்றோடு போட்டி போட்டுத் திணறிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவுக்குப் படிப்புத் தேவைப்படவில்லை. முப்பது வருடம் பட்டுக்கூடு தரம் பிரித்த கண்.

"அந்தப் பக்கம் இருக்கறது எப்படி மின்னுது. இது சீக்காளி மாதிரி இருக்குதே. எப்பவும் இப்படித்தானா?"

இல்லை என்று சொல்ல என் வாய் திறந்தது. மகள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். மூடியதே பதிலாகிவிட்டது.

சம்பந்தியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் மனைவியைப் பார்த்து, "அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. பொண்ணு தங்கம். ஆனா மனசு ஒப்பல. நாங்க யோசிச்சுச் சொல்றோம்" என்றார்.

பதினைந்தாவது தடவை. மாடிக்குக் கொண்டுவந்து குடித்துவிட்டுக் கைப்பிடிச் சுவரில் வைத்திருந்த டீ தம்ளர்களை மகள் ஒவ்வொன்றாக எடுத்து ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினாள். நாலு தம்ளர். அடுக்கி முடித்துவிட்டு அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பத்து இருபதிலிருந்து ஒரு பொய் சொல்லாமல், ஒரு எண்ணைக் கூட்டாமல் குறைக்காமல், ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பொறுக்கி உண்மையைக் கொடுத்திருக்கிறேன். கொடுத்த ஒவ்வொன்றும் என் மகளுக்கு எதிராகவே போய் நின்றிருக்கிறது.

"உங்க பையன் என்ன நட்சத்திரம்?" என்று கத்தினேன்.

"ஏங்க" என்றாள் மனைவி.

"சொல்லட்டும். என்ன நட்சத்திரம்?"

"கேட்டைங்கண்ணா" என்றார் அந்த அம்மா பயந்துபோய்.

"கேட்டை! அது எப்படிப்பட்டதுன்னு தெரியுமா? இதே ரகம். இதே சிவப்பு, இதே ஊதின உடம்பு, இதே மாதிரி உள்ள தீர்ந்துபோன லாரி. அதுவும் வெடிச்சுத்தான் சாகும். இருபத்தேழு நட்சத்திரத்துல எங்க பொண்ணுது ஒண்ணைத்தான் செல்லுல போட்டான். உங்க பையனுதைப் போடல. அவ்வளவுதான் வித்தியாசம்!"

தெருவில் போன ஒரு இருசக்கர வண்டி நின்று பார்த்துவிட்டுப் போனது. போயிற்று, எல்லாம் முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒரு வீட்டுக்கு வந்தவர்களிடம் உன் பிள்ளையின் நட்சத்திரமும் சாகும் என்று சொன்னவன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

முதலில் சிரித்தது சம்பந்தி. சத்தமில்லாமல், தோள் குலுங்க. "இத சொல்றதுக்கு இவ்வளவு நேரமா? அப்ப ரெண்டுக்கும் ஒரே வியாதி. ஜோசியக்காரன் அஞ்சுன்னு சொன்னான், இதோட ஆறு பொருத்தம்."

"கேட்டையக் காட்டுங்க" என்றார் அவர் மனைவி.

"அது இப்ப வராதும்மா. விடியக்காலையிலதான் கிழக்கே எழும்பும்."

"வேணாம் விடு. இதைப் பார்த்ததே போதும்" என்றார் சம்பந்தி.

அந்த அம்மா திருவாதிரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார், கோபமில்லாமல், விலை விசாரிப்பது போல: "ரெண்டுல எதுங்கண்ணா முந்திப் போவும்?"

அவர் தங்கையின் நினைவுதான் அந்தக் கேள்வி. திருவாதிரைக்குத்தான் முன்னால் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆனால் யாரிடமும் நிச்சயமான கணக்கு இல்லை. "தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது" என்றேன். அன்று முழுக்க நான் தெரியாது என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"நமக்கு மட்டும் தெரிஞ்சா கட்டிக்கிட்டோம்?" என்றார் சம்பந்தி தன் மனைவியிடம். "உன்னுது பூரம், என்னுது எது, சொல்லு பாப்போம்?"

"உங்களுக்கு ஜாதகமே கெடையாது. ஆடு மேய்ச்சிக்கிட்டு இருந்தப்ப பொறந்தவருன்னு உங்க ஆத்தா சொல்லும்."

மகளிடமிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. கையிலிருந்த தம்ளர்கள் கலகலவென்று ஆடின. சம்பந்தியம்மா திரும்பி அவளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, தீர்ப்புச் சொன்னார்.

"அப்ப ஒண்ணு பண்ணுங்கண்ணா. எப்ப வேணா வெடிக்கும்னா வைகாசி வரைக்கும் எதுக்கு வெச்சிருக்கணும்? மாசிலயே முடிச்சுருவோம். ரெண்டு பேரு பேர்லயும் தீர்த்தமலைக் கோயில்ல ஒரு அபிஷேகம். அவ்வளவுதான்."

"ஒரு லட்சம் வருஷம்மா அது..." என்று ஆரம்பித்தேன்.

"அப்பா," என்றாள் மகள். "டீ ஆறிடும்."

டீ எப்போதோ குடித்து முடித்திருந்தோம்.

மாசி மாதக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. வைகாசிக்குப் பேசிய மண்டபத்தில் மாசியில் இடமில்லை. தருமபுரியில் இன்னொன்று, வாடகை அதிகமாகத்தான் கிடைத்தது. பழைய மண்டபக்காரர், நீங்களாகவே விலகினால் முன்பணம் திரும்பாது என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார். மேளக்காரரும் அதையே சொன்னார், ரசீது இல்லாமல். கல்யாணம் முடிந்து இரண்டு வாரத்தில் ஊரடங்கு வந்தது. வைகாசியில் அந்த மண்டபம் பூட்டிக் கிடந்தது. முன்பணம் கட்டியிருந்த எல்லோருக்கும் அவர் திருப்பிக் கொடுத்தார். நானும் போய்க் கேட்டேன். "உங்க கல்யாணந்தான் நடந்து முடிஞ்சிருச்சேங்க" என்று என்னை மட்டும் அனுப்பிவிட்டார்.

சித்திரைக்குள் திருவாதிரை தன் பழைய ஒளிக்கு வந்துவிட்டது. அது தன் உடம்பிலிருந்து ஒரு வாய் வாயுவை வெளியே கக்கியதாகவும், அது குளிர்ந்து தூசியாகி நமக்கும் அதற்கும் நடுவில் மறைத்துக்கொண்டதாகவும் பிறகு கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஊரடங்கில் பேருந்து இல்லாததால் சம்பந்தியம்மாவிடம் இதைக் கைப்பேசியில்தான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பாத்தீங்களாண்ணா, கல்யாணம் முடிஞ்சதும் அதுவும் தெளிஞ்சிருச்சு. வைகாசின்னு விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார்.

தூசி என்று மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரிக்கும் அவர் இதையே சொல்லியிருக்கிறார்; எங்கள் சம்பந்தி படித்தவர், அவர்தான் கணக்குப் போட்டு மாசியில் வைக்கச் சொன்னார் என்று என் பெயரையும் சேர்த்து. மகளும் மருமகனும் ஓசூரில் இருக்கிறார்கள். அவனுக்குத் தடுப்பூசி போடும்போது கையைப் பிடித்துக்கொண்டு இவள்தான் நின்றாளாம், அப்போதும் மயங்கிவிட்டான் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

திரும்பாத மண்டப முன்பணம் முப்பத்தைந்தாயிரம், புது மண்டபத்துக்குக் கூடுதலாக இருபத்திரண்டாயிரம், மேளக்காரர் வைத்துக்கொண்ட ஐயாயிரம், தீர்த்தமலைக்குக் கார் இரண்டாயிரத்து நானூறு, இரண்டு நட்சத்திரத்துக்கும் சேர்த்து அபிஷேகம் ஆயிரத்து எண்ணூற்றைம்பது. மொத்தம் அறுபத்தாறாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய்.